தனித்துயரும் பொதுக்காரணமும்

ஒருத்தி மனம் வாடினால் அஃது அவள் குறை எனப்படும். அவ்வாட்டமே பல்லாயிரவர்க்கும் உண்டெனின் அதன் காரணத்தைச் சமுதாயத்தில் தேடவேண்டும். அமெரிக்கப் பெண்ணிய வரலாறு உணர்த்திய பேருண்மை இதுவே.

1963ஆம் ஆண்டில் பெட்டி ஃபிரீடன் வெளியிட்ட நூல், வசதியான இல்லங்களில் வாழ்ந்த மனைவியரின் மனவெறுமையை வெளிப்படுத்தியது. குறை தம்மிடமே உள்ளதென எண்ணி அவர்களுட் பலர் மருத்துவரை நாடினர்.

1967இல் நியூயார்க்கில் தோன்றிய தீவிர மகளிர் குழுவினர் வேறு வழி கண்டனர். அவர்கள் ஒன்றுகூடி அமர்ந்து, இல்லறம், வேலை, மகப்பேறு, தோற்றம் ஆகியன பற்றித் தத்தம் பட்டறிவை உரைத்தனர். உரைத்ததோடு அமையாது, அவற்றை ஒப்பிட்டுப் பொதுக்காரணத்தை ஆராய்ந்தனர். 1968இல் கேத்தி சாராசைல்டு இம்முறையை விழிப்புணர்வுத் திட்டமாக வகுத்தார். இது வெறும் உளச்சிகிச்சையே எனச் சிலர் எள்ளினர். 1969இல் கரோல் ஹானிஷ் அவர்களுக்கு விடையிறுத்தார். சிகிச்சை என்னும் சொல்லே பெண்ணை நோயாளியாக்குகிறது. மாற்றவேண்டியவை புறநிலைமைகளேயன்றி அவள் மனமன்று என்பது அவர் வாதம். 1970இல் அக்கட்டுரை அச்சேறியபோது பதிப்பாசிரியர் இட்ட தலைப்பே, தனிவாழ்வும் அரசியலே என்னும் முழக்கமாகப் பரவியது.

அரை நூற்றாண்டுக்குள் அக்கூட்டத்தின் இடத்தைத் திரை கைப்பற்றியது. 2010இல் தோன்றிய இன்ஸ்டாகிராமிலும் பெண்கள் ஒப்பிட்டனர். ஆயின், அன்று ஒப்பிடப்பட்டவை துயரின் காரணங்கள். இன்று ஒப்பிடப்படுபவை பெரும்பாலும் ஒப்பனை செய்த தோற்றங்கள். 2021இல் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த நிறுவன ஆவணங்கள் இதன் விளைவைக் காட்டின. தம் உடலைப் பற்றி மனங்குன்றிய பதின்பருவப் பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வுணர்வை மிகுவித்ததாகக் கூறியிருந்தனர். ஆவணங்களுக்குத் தரப்பட்ட விளக்கத்தை நிறுவனம் மறுத்தது. எனினும், பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: கைப்பேசியை அணைத்துவிடு, உன்னை நீயே பேணிக்கொள். அறிவுரை தீதன்று; ஆயினும், பார்வையை விற்று விளம்பர வருவாய் ஈட்டும் அமைப்பை அது தொடுவதில்லை. ஹானிஷ் மறுத்த சிகிச்சை நோக்கே மீண்டும் வந்தது.

ஊடகம் முழுவதும் பகையென்று கொள்ளுதலும் பிழையாகும். பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட கறுப்பினச் சிறுமியர்க்காக, 'நானும்' எனப் பொருள்படும் 'மீ டூ' என்னும் தொடரை 2006இல் தரானா பர்க் வழங்கலானார். 2017 அக்டோபரில் நடிகை அலிசா மிலானோவின் அழைப்பால் அது உலகெங்கும் பரவியது. ஒரே நாளில் முகநூலில் 47 இலட்சம் பேர் அவ்வுரையாடலில் கலந்துகொண்டனர். தன்மேல் பழி சுமந்து வாய்மூடியிருந்தவள், தான் தனியள் அல்லள் எனக் கண்டாள்.

ஆக, பெண்ணின் உளநலத்தைக் கருவி மட்டுமே தீர்மானிப்பதில்லை. துயரைச் சொன்ன பின் எழும் வினாவே அதனைத் தீர்மானிக்கிறது. என்னிடம் என்ன குறை என்று கேட்பவளைத் திரை தனிமைப்படுத்தும். நமக்கெல்லாம் ஏன் இது நேர்கிறது என்று கேட்பவர்க்கு அத்திரையும் கூடுமிடமாகும்.