தாத்தாவின் பதக்கம் சரியான நாடாவில்தான் தொங்குகிறதா?

மெர்சிங்: ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாள் மலேசியாவில் வீரர்கள் தினம் அனுசரிக்கப்படுகிறது. 1960ஆம் ஆண்டு அதே நாளில்தான் 12 ஆண்டுகள் நீடித்த அவசரகாலம் முடிவுக்கு வந்தது. இந்நாளையொட்டி முன்னாள் படைவீரர்களும் காவல்துறையினரும் தங்கள் பதக்கங்களை எடுத்து அணிவது வழக்கம். மறைந்தவர்களின் பதக்கங்களை அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளியே எடுப்பதுண்டு.

பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பதக்கத்தின் நாடா நைந்திருக்கும், ஊசி துருப்பிடித்திருக்கும். அதைப் புதுப்பிக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. நிறம் ஏறக்குறைய ஒத்துப்போகும் ஏதாவது ஒரு ரிப்பனைப் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், எந்தப் போர், எந்த ஆண்டு, எந்த நாடு என்பதைச் சொல்வது அந்த நாடாதான். அது மாறினால் தாத்தாவின் வரலாறும் மாறிவிடும்.

மூன்று காலம், மூன்று நாடா

மெர்சிங் வட்டாரம் போரை அறியாத வட்டாரமன்று. 1942 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் 22ஆவது படைப்பிரிவு இங்கே கடற்கரையைக் காத்து நின்றது. எண்டாவிலிருந்து தெற்கே இறங்கி வந்த ஜப்பானியப் படையை, ஜனவரி 26 இரவு ஜெமாலுவாங்கிற்கு வடக்கே நித்ஸ்டேல் தோட்டத்தில் அப்படைப்பிரிவின் 2/18ஆவது பட்டாளம் மறைந்திருந்து தாக்கியது. அந்தச் சண்டை நடந்தது ஒரு ரப்பர் தோட்டத்தின் பால்மரங்களுக்கு நடுவே என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தப் போரில் மலாயாவில் பணியாற்றிய காமன்வெல்த், இந்தியப் படையினருக்கு உரியது பசிபிக் நட்சத்திரம். அதன் நாடாவில் காட்டைக் குறிக்கும் கரும்பச்சையும் கடற்கரையைக் குறிக்கும் மஞ்சள் நடுக்கோடும் இருக்கும். மஞ்சள் கோட்டின் இருபுறமும் கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மெல்லிய கோடுகள் ஓடும். இரு ஓரங்களும் சிவப்பு.

இரண்டாவது, அவசரகாலம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர். அந்த நாள் முதல் 1960 ஜூலை 31 வரையிலான பணிக்குப் பிரிட்டிஷ் அரசு வழங்கியது ‘மலாயா’ என்று பொறித்த பட்டையுடன் கூடிய பொதுச் சேவைப் பதக்கம். இராணுவத்தினர் மட்டுமன்றி, தோட்டங்களுக்குக் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் உள்ளிட்ட காவல்துறையினரும் இதைப் பெற்றனர்.

மூன்றாவது, இந்தோனேசியாவுடனான மோதல் காலம். 1964 ஆகஸ்ட் 17 அன்று ஜொகூர், பொந்தியான் கரையில் இந்தோனேசியப் படையினர் இறங்கினர். அதே நாளிலிருந்து கணக்கிடப்பட்டதுதான் ‘மலாய் தீபகற்பம்’ என்ற பட்டை. இது 1962ஆம் ஆண்டுப் பதக்கம் எனப்படும் மற்றொரு பொதுச் சேவைப் பதக்கத்திற்கு உரியது.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. ஊதாவும் பச்சையும் இடம் மாறுவது

மேலே சொன்ன இரண்டு பொதுச் சேவைப் பதக்கங்களுக்கும் நாடாவின் நிறம் ஊதாவும் பச்சையும்தான். பழைய பதக்கத்திற்கு ஊதா நாடாவின் நடுவில் ஒரு பச்சைக் கோடு. 1962ஆம் ஆண்டுப் பதக்கத்திற்கு நடுவில் ஊதா, இரு ஓரங்களிலும் பச்சை. வாயால் நிறத்தைச் சொல்லி நாடா வாங்கினால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்துவிடும். 1950களில் தோட்டக் காவலில் இருந்த ஒருவர், நாடா மாறியதால் 1960களின் மோதலில் பணியாற்றியவராகக் காட்சியளிப்பார். கடைக்குப் போகும்போது பழைய நாடாவின் துண்டையோ படத்தையோ கொண்டுபோவது நல்லது.

2. நாடாவைத் திருப்பித் தைப்பது

சில நாடாக்கள் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். சில அப்படியல்ல. 1939-45 நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம அகலக் கோடுகள் உள்ளன. கருநீலம் மார்பின் நடுப்பக்கம் வரவேண்டும். அதாவது, எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் தெரியும். பசிபிக் நட்சத்திரத்திலும் கருநீலக் கோடு அதே பக்கம்தான்.

3. இரு நட்சத்திரங்களையும் சேர்த்து அணிவது

பசிபிக் நட்சத்திரத்தையும் பர்மா நட்சத்திரத்தையும் ஒருவருக்கே சேர்த்து வழங்கும் வழக்கம் இல்லை. இரண்டிற்கும் தகுதி பெற்றவருக்கு முதலில் ஈட்டிய நட்சத்திரமும், மற்றதைக் குறிக்கும் பட்டையும் மட்டுமே தரப்பட்டன. ஒரே கட்டில் இரண்டும் இருந்தால், இரு உறவினர்களின் பதக்கங்கள் எப்போதோ கலந்துவிட்டிருக்கலாம். பிரித்துப் பார்ப்பது அவசியம்.

4. வரிசை தலைகீழாவது

பதக்கங்களைப் பெற்றவர் அவற்றை இடது மார்பில் அணிவார். மதிப்பில் உயர்ந்தது மார்பின் நடுவுக்கு மிக அருகில் இருக்கவேண்டும். மேசைமீது முகப்பு மேலே தெரியும்படி அடுக்கும்போது, முதல் பதக்கம் நமது இடக்கைப் பக்கம் வரும். கண்ணாடியைப் பார்த்து அடுக்கினால் குழப்பமே மிஞ்சும்.

சொந்த நாட்டின் விருதுகள் முதலிலும் வெளிநாட்டு விருதுகள் இறுதியிலும் வருவது பொது வழக்கம். மலேசியாவில் வீரத்திற்கான மிக உயரிய விருது ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா. அதற்கு அடுத்தது பங்லிமா காகா பெரானி. கூட்டரசு விருதுகளின் முழு வரிசையைப் பிரதமர் துறையின் சடங்குப் பிரிவிடம் கேட்டு உறுதி செய்யலாம்.

5. முகப்பும் பட்டையும் மாறுவது

மன்னர் அல்லது அரசியின் தலை பொறித்த பதக்கங்களில் அந்தத் தலைதான் வெளியே தெரியவேண்டும். ஒரே நாடாவில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் இருந்தால், முதலில் பெற்றது பதக்கத்திற்கு அருகில், அதாவது கீழே இருக்கும். அடுத்தடுத்துப் பெற்றவை அதற்கு மேலே ஏறும்.

6. பதக்கத்தோடு நாடாப் பட்டையையும் குத்துவது

அன்றாடச் சீருடையில் பதக்கத்திற்குப் பதிலாகக் குத்துவதுதான் சிறிய நாடாப் பட்டை. முழுப் பதக்கத்தையும் அதன் நாடாப் பட்டையையும் ஒரே நேரத்தில் அணிவது காமன்வெல்த் மரபில் இல்லை. பாதியளவான சிறு பதக்கங்கள் இரவு விருந்து உடைக்கு உரியவை. பகல் அணிவகுப்பில் முழு அளவுப் பதக்கமே பொருத்தம்.

7. பேரன் இடப்பக்கம் அணிவது

இடது மார்பு, பதக்கத்தை ஈட்டியவருக்கு மட்டுமே உரியது. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடும்பத்தார் நினைவு நிகழ்ச்சிகளில் அதை வலது மார்பில் அணிகின்றனர். பார்க்கும் எவருக்கும், ‘இது எனதல்ல, என் குடும்பத்துப் பெரியவருடையது’ என்பது சொல்லாமலே விளங்கும். சொந்தப் பதக்கங்களும் உள்ளவர், தமதை இடப்பக்கமும் தாத்தாவினதை வலப்பக்கமும் அணியலாம். இரண்டையும் ஒரே கட்டில் சேர்க்கக்கூடாது.

கட்டும் முறை

பதக்கங்களைக் கட்ட இரு முறைகள் உள்ளன. ஸ்விங் முறையில் பதக்கங்கள் நாடாவில் தொங்கி அசையும். நடக்கும்போது ஒன்றோடொன்று மோதி விளிம்புகள் தேயும். கோர்ட் முறையில், நாடா சுற்றிய கெட்டி அட்டையின்மீது பதக்கங்கள் அசையாதபடி தைக்கப்படும். பழைய பதக்கங்களுக்கு இதுவே பாதுகாப்பு. எந்த முறையானாலும் எல்லாப் பதக்கங்களின் கீழ்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். இடம் போதாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி வைக்கலாம். அப்போது நடுமார்பை ஒட்டிய முதல் பதக்கம் முழுமையாகத் தெரியவேண்டும்.

பசை போட்டு ஒட்டுவது, லேமினேட் செய்வது, சட்டைப் பின்னை நாடாவின் ஊடே குத்துவது ஆகியவை பதக்கத்தைக் கெடுக்கும். கழற்றிய பழைய நாடாவைத் தூக்கி எறியாமல் ஓர் உறையில் போட்டு வைக்கவும்.

விளிம்பில் இருக்கும் பெயர்

இவை எல்லாவற்றையும்விடத் திருத்தவே முடியாத தவறு ஒன்று உண்டு. அது பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. பொதுச் சேவைப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷைப் போட்டு ஆண்டுதோறும் தேய்த்தால் அந்த எழுத்துகள் மெல்ல மறைந்துபோகும்.

தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் பணி நியமனக் கடிதமோ படமோ மிஞ்சவில்லை. லயன் வீடு மாறியபோதும் தோட்டம் துண்டாடப்பட்டபோதும் காகிதங்கள் தொலைந்தன. அத்தகைய வீட்டில், தாத்தா இந்த நாட்டைக் காத்து நின்றார் என்பதற்கு எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று அந்த விளிம்பில் உள்ள ஒரு வரியாக இருக்கக்கூடும். வீரனின் பெயரை நடுகல்லில் பொறித்த மரபு நம்முடையது. அந்தக் கல்லைத் தேய்க்க யாரும் துணியமாட்டார்கள். உலர்ந்த மென்துணியால் துடைப்பதே பதக்கத்திற்குப் போதுமானது.

பெறுவது வேறு, அணிவது வேறு

பதக்கம் கையில் இருப்பதாலேயே அணியும் உரிமை வந்துவிடாது. இதற்கு மலேசியாவின் பிங்காட் ஜாசா மலேசியா பதக்கமே சான்று. சுதந்திரத்திற்குப் பின் 1966 வரை இங்கே பணியாற்றிய காமன்வெல்த் வீரர்களுக்கு நமது அரசு அதை வழங்கியது. பிரிட்டிஷ் வீரர்கள் அதைப் பெற்றுக்கொள்ள 2006ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ஆனால், முறையாக அணிய அப்போது அனுமதி இல்லை. 2007ஆம் ஆண்டு மெர்டேக்கா பொன்விழாவிற்கு மலேசியா வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. பொதுவான அனுமதிக்கு அவர்கள் மேலும் சில ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது.

எங்கே கேட்கலாம்?

முன்னாள் இராணுவத்தினரின் குடும்பங்கள் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையான ஜேஎச்இவியையும், மலேசிய ஆயுதப்படை முன்னாள் வீரர்கள் சங்கத்தையும் நாடலாம். ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகப் பணியாற்றியவர்கள் காவல்துறையைச் சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களின் குடும்பங்கள் மலேசிய முன்னாள் காவலர் சங்கத்தை அணுகலாம்.

செல்வதற்கு முன் பதக்கத்தின் முன்புறம், பின்புறம், விளிம்பு, நாடா ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளவும். விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதி, யாருடைய பதக்கம் என்பதையும் சேர்த்து வைக்கவும். பெயர் தவறாகப் பொறிக்கப்பட்டிருந்தாலும் இருப்பது இருக்கிறபடியே எழுதவேண்டும். அந்த எழுத்தை வைத்துத்தான் பழைய பதிவேட்டில் தேட முடியும்.