பண்ணைத் தொண்டு: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

வெளிநாட்டிலிருந்தும் வெளியூரிலிருந்தும் வருவோர் கூலி வாங்காமல் ஒரு சிறு பண்ணையில் தங்கி, அங்கேயே உண்டு, உழைத்துக் கற்றுக்கொள்ளும் வழக்கம் பண்ணைத் தொண்டு எனப்படும். விழுப்புரம் மாவட்டத்தில் இது வானூர் வட்டத்தில் பல நாட்டார் கூடி வாழும் ஆரோவில்லைச் சுற்றி வேரூன்றியது. திண்டிவனம்–புதுச்சேரி சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் முதுகுப்பையோடு நிற்கும் வெள்ளைக்கார இளைஞர்களை இப்பகுதியார் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

எல்லை கடந்து உடலுழைப்புத் தரும் தொண்டு இந்தியாவுக்குப் புதிதல்ல. 1920இல் பன்னாட்டுத் தொண்டு இயக்கம் ஒன்றைத் தொடங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரசோல், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் பீகாருக்கு வந்து கிராமங்களைக் கட்டியெழுப்ப உதவினார். பண்ணைகளுக்கென்றே அமைந்த ‘வூஃப்’ இயக்கம் 1971இல் இங்கிலாந்தில் பிறந்தது. லண்டனில் செயலராக வேலைபார்த்த சூ காப்பர்ட், வார இறுதியிலாவது மண்ணைத் தொட வேண்டும் என்று தொடங்கியது அது. பெயரில் இருந்த ‘வேலையாள்’ என்ற சொல் பல நாடுகளின் குடிநுழைவு அதிகாரிகளை உறுத்தியதால், பிற்பாடு அதை ‘வாய்ப்பு’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஆரோவில் வூஃபுக்கு மூன்றாண்டு மூத்தது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு அதைத் தொடங்கிவைத்தபோது இவ்வட்டாரம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. நிலமோ செம்மண் பொட்டல். ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைகளாய் இறங்க, பொம்மையார்பாளையத்துக் கடல் சிவந்து கிடக்கும். வெட்டப்பட்ட மரங்களும் ஆட்டு மேய்ச்சலும் அந்நிலையை உண்டாக்கின. ஊரார் இதற்கு இரும்பை மாகாளேசுவரர் கோயில் கதையைச் சொல்வார்கள்: கேலி செய்யப்பட்ட கடுவெளிச் சித்தர் சபித்தார், லிங்கம் வெடித்தது, பூமி பாழானது. தொலைதேசத்தார் வந்து அதைப் பசுமையாக்குவார்கள் என்று ஒரு வாலும் கதைக்கு உண்டு. அந்த வால் 1968க்கு முன்பே இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆரோவில்லுக்கு முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் உழவர் அல்லர். மரம் நட்டார்கள், பட்டுப்போனது. மழைநீரை நிறுத்தாமல் மரம் நிற்காது என்று புரிந்தபின் சரிவுக்குக் குறுக்கே மண்கரைகள் போட்டார்கள், ஓடைகளை அடைத்தார்கள், மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு ஊற்றினார்கள், ஆடு வராமல் முள் வைத்து அடைத்தார்கள். கரைபோட்ட கைகளில் பாதிக்குமேல் குயிலாப்பாளையம், எடையன்சாவடி, கோட்டக்கரை போன்ற ஊர்களின் ஆண், பெண் கூலியாட்களுடையவை என்றே கொள்ள வேண்டும். தொண்டர் பருவத்துக்கு ஒருவராய் மாறினார்கள், கூலியாள் மாறவில்லை.

விதையும் ஊரிலிருந்தே வந்தது. வேகமாய் வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை முதலில் நிழலுக்கு நட்டாலும், இம்மண்ணுக்கு உரிய உலர் பசுமைமாறாக் காடு கோயில்காடுகளில்தான் மிஞ்சியிருந்தது. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு அவற்றில் பேர்பெற்றது. ஐயனாருக்கு அஞ்சி யாரும் கிளை ஒடிக்காததால் காசானும் வீரையும் உலக்கைப்பாலையும் அத்தகைய காடுகளில் பிழைத்திருந்தன. அவற்றின் விதைகளை எடுத்து நாற்றாக்கிய பணியில் ஜாஸ் புரூக்ஸ் அமைத்த பிச்சாண்டிக்குளம் காட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. மல்லாட்டையும் (வேர்க்கடலை) வரகும் விளைந்த மேட்டுநிலத்தில் இன்று அடர்ந்த காடு நிற்கிறது.

காடு நின்றபின் பண்ணைகள் வந்தன. பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்னார்டு தெக்லர்க், தீபிகா குந்தாஜியோடு சேர்ந்து கூழாங்கல் நிலத்தில் மண்ணையே உண்டாக்கி நாட்டு விதைகளைப் பெருக்கினார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938–2013) மதித்த மனிதர் அவர். இங்கிலாந்தில் பிறந்த கிருஷ்ணா மெக்கன்சி 1996இல் தொடங்கிய சாலிட்யூட் பண்ணை, ஜப்பானியர் மசனோபு ஃபுகுவோகாவின் உழாத வேளாண்மையைப் பின்பற்றுவது. கிருஷ்ணா நம் கீரைகளைப் பற்றித் தமிழிலேயே பேசுவதால், நாம் மறந்த கீரையை நமக்கே அறிமுகம் செய்பவராகிவிட்டார்.

தொண்டையே அமைப்பாக மாற்றியது சாதனா வனம். இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் இணையர் 2003 டிசம்பரில் அரித்துப்போன 70 ஏக்கரில் அதைத் தொடங்கினர். சவுக்குக் கம்பும் கீற்றும் கயிறும் கொண்டு கட்டிய குடில்கள், சூரிய மின்சாரம், பாலும் சேராத சைவ உணவு, விடியற்காலையில் தொடங்கும் சேவை. கரை எடுப்பது, குழி வெட்டுவது, சமையல், பாத்திரம் கழுவுவது எல்லாம் சேவைக் கணக்கே. இங்கே உருவான முறை 2010இல் ஹைட்டிக்கும் 2014இல் கென்யாவுக்கும் போனது.

வந்து போவோரால் பண்ணைக்கு எவ்வளவு லாபம் என்பது விவாதத்துக்குரியது. இரண்டு வாரம் தங்குபவருக்குக் களை எது, பயிர் எது என்று காட்டிக்கொடுப்பதற்குள் அவர் புறப்படும் நாள் வந்துவிடும். தன் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஒருவர் பாத்தி கட்ட, பக்கத்துப் பாத்தியில் அதே வேலையைக் கூலிக்குச் செய்யும் பெண்ணுக்கு அது புரியாத விளையாட்டாகத் தெரிந்தால் குற்றம் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் இந்தியா விசாக்களை நிறுத்திவைத்தபோது அயல்நாட்டார் வரத்து நின்றது; களை நிற்கவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் ஆரோவில் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அவற்றை அறுத்து அகற்றி மறுபடி நட்டதிலும் ஊராரும் அயலாரும் கூடி உழைத்தார்கள். அயலார் தரப்பு வரலாறு நூல்களிலும் படங்களிலும் பதிவாகியிருக்கிறது. 1968இல் இருபது வயதில் மண் சுமந்த ஊராருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். குயிலாப்பாளையம், எடையன்சாவடிப் பெரியவர்களிடம் போய் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள விரும்புவோர் இந்த ஆண்டே கிளம்புவது நல்லது.