எது நம் ஊர்? – அனந்தபுரித் தமிழரின் மனமாற்றம்

புலம்பெயர்ந்த தமிழர் என்றாலே பினாங்கும் ரங்கூனும் கொழும்பும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் கப்பல் ஏறிப் போனவர்கள். திருவனந்தபுரத்துத் தமிழர் பலரின் கதை வேறு. என் பாட்டா 1940களில் இரணியலிலிருந்து சாலைக் கம்போளத்துப் பலசரக்குக் கடைக்குக் கணக்கெழுத வந்தபோது எந்த எல்லையையும் தாண்டவில்லை. ஒரே சமஸ்தானம், ஒரே மகாராஜா, செலவழிக்க ஒரே சக்கரம். பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்தார், அவ்வளவுதான்.

அத்தலைநகரே பத்மநாபபுரத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்து சேர்ந்ததுதானே! திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு தமிழ் வணிகரை இழுத்தது. ஆலப்புழையில் 1855இல் பிறந்த சுந்தரம் பிள்ளை, இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டே 1891இல் 'மனோன்மணீய'த்தை வெளியிட்டார். அதே கையால் திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைக் கல்வெட்டுகளின் துணையுடன் ஆங்கிலத்தில் ஆராய்ந்தார். 'நீர் தமிழரா, மலையாளியா?' என்று யாரேனும் கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிறகு எல்லை நகர்ந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. அன்றிரவு பாட்டா சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வாள். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இரணியலில் உறவுக்காரர்கள் கொடுத்த மிட்டாயைத் தின்றுவிட்டு பஸ்ஸேறித் திரும்பிய பாட்டா, பாட்டியிடம் சொன்னாராம்: "நாம ஜெயிச்சாச்சு. ஆனா இனி இங்க நாம வெளியூர்க்காரங்க."

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எங்கள் வீட்டில் புலம்பெயர்வு ஆரம்பித்தது. ஆள் நகரவே இல்லை!

அப்பா மலையாளம் படித்தார். சர்க்கார் உத்தியோகம் வேண்டுமே. அவருக்கு 'ஊருக்குப் போறோம்' என்றால் இரணியல். எனக்கோ, பள்ளிக்கூடத்தில் 'பாண்டி' என்றார்கள். நாகர்கோவில் கல்யாண வீட்டில் 'மலையாளத்தான் வந்தாச்சு' என்றார்கள். இரண்டுமே சிறுவயதில் சுட்டன. 1979இல் ரயில் வந்தது, காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்றானது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகுதான் எங்கள் போக்குவரத்து குறைந்தது.

ஆ. மாதவன் (1934–2021) சாலையில் பாத்திரக்கடை நடத்தியபடியே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதையாக்கியவர். அவர் தமிழில் மலையாள வாடை அதிகம் என்று குறை சொல்வோர் உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்கு என் வீட்டுப் பேச்சு அச்சில் கிடைத்தது.

நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும் ஊர்வலமாக இங்கே எழுந்தருள்வதை நாம் அறிவோம். மாநில எல்லை அதை நிறுத்தவில்லை. முருகன் தங்குவது எங்கள் சாலையை ஒட்டிய ஆரியசாலைக் கோயிலில். பாட்டா கடைசிவரை அங்கே போய் நின்று சொல்வார்: "பூஜை முடிஞ்சா அவரு திரும்பிப் போயிருவாரு. நாமதான் நின்னுட்டோம்."

சென்ற ஆண்டு இரணியல் வீட்டை விற்கும் பேச்சு வந்தது. "அங்க ஆரு இருக்கா நமக்கு?" என்று கேட்டாள் என் மகள். நியாயமான கேள்விதான். பத்திரத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.