இரட்டிப்பின் கணக்கு

எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் வயல். மட்டக்களப்பு வாவியைத் தோணியில் கடந்துபோய் வேளாண்மை செய்தவர் எங்கள் மூத்தாப்பா. 1957 டிசம்பர் பெருவெள்ளத்தில் பயிர் முழுதும் அழிந்தது. மறுபோகத்துக்கு ஓரவணம் விதைநெல் கடன் வாங்கினார். அறுவடையில் இரண்டாகத் திருப்பவேண்டும். தவறினால் அடுத்த போகம் நான்கு, அதற்கடுத்தது எட்டு. எட்டானபோது வயல் கைமாறிவிட்டது. "ஓரவணம் நெல்லு மூணு போகத்தில வயலத் தின்னும் எண்டு ஆரு கண்டது மகன்?" என்பார்.

இதே திகைப்பை ஒரு பேரறிஞரிடமும் கண்டேன். திமிஷ்கின் காழியாக இருந்த இப்னு கல்லிகான் (1211-1282) தமது 'வஃபயாத்துல் அஃயான்' நூலில், சதுரங்க வல்லுநர் அஸ்ஸூலியைப் பற்றி எழுதுமிடத்தில் ஸிஸ்ஸாவின் கதையைச் சொல்கிறார். சதுரங்கத்தை அமைத்த ஸிஸ்ஸா, முதற்கட்டத்துக்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, பின் நான்கு என 64 கட்டங்களுக்கும் கேட்டார். அரசன் அற்பமென எண்ணினான். களஞ்சியம் போதவில்லை.

இப்னு கல்லிகானும் முதலில் இதை நம்பவில்லை. இஸ்கந்தரியாவின் கணக்கர் ஒருவர்தாம் விளக்கினார். 16ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். அதை ஓர் அளவைப் பாத்திரமாகக் கொண்டார். 40ஆம் கட்டத்தில் ஒரு களஞ்சியம். 50ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். அதை ஒரு நகரமாக்கினார். 64ஆம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! இலக்கத்தால் நம்பாத மனம் அளவையால் நம்பியது.

மொத்தத் தொகை 18,446,744,073,709,551,615. அல்பிரூனி 1000ஆம் ஆண்டளவிலேயே 'அல்ஆஸாருல் பாகியா'வில் இதைக் கணித்திருந்தார். அறுபத்துநான்கு தடவை கூட்டவேண்டியதில்லை. எக்கட்டத்திலும் அதுவரையுள்ள கூட்டுத்தொகை அடுத்த கட்டத்தைவிட ஒன்றே குறைவு: 1+2+4=7; அடுத்தது 8. ஆகவே 2ஐ வர்க்கித்து 4, 16, 256, 65,536, 4,294,967,296 என ஏறி, இன்னொருமுறை வர்க்கித்து ஒன்றைக் கழித்தால் விடை.

அந்த ஏணிப்படிகளே எண்ணின் காரணிகளையும் காட்டுகின்றன. ஒவ்வொரு படியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் இத்தொகை வரும்: 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297. இறுதியானதும் பகா எண்ணே என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா கருதினார். அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார்.

நமது களவெட்டிக்கு வருவோம். ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்தால், ஸிஸ்ஸாவின் கூலி ஏறத்தாழ 46,000 கோடி தொன். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் நெல் 80 கோடி தொன்னளவுதான். ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட விளைச்சல்!

ஆனால் அழிவுக்கு அறுபத்துநாலாம் கட்டம்வரை போகவேண்டியதில்லை. இரட்டித்து இரட்டித்து வட்டி உண்பதைக் குர்ஆன் (3:130) பெயர் சொல்லியே தடுத்ததன் காரணத்தை நான் கணக்குப் புத்தகத்தில் அல்ல, வீட்டில்தான் படித்தேன். மூத்தாப்பா வயலை இழந்தபோது நின்றது நாலாம் கட்டத்தில்.