பாடலின் நீளமும் இலக்கமுறை ஒலிப்பதிவும்: ஒரு வரலாற்று நோக்கு

இசை காலத்தை ஊடகமாகக் கொண்ட கலை. ஓவியத்திற்குச் சட்டம் எத்தகையதோ, இசைக்குத் தொடக்கமும் முடிவும் அத்தகையன. ஆகவே, ஒரு பதிவு எத்துணை நேரம் ஒலிக்கிறது என்பது அப்பதிவின் உண்மையோடு தொடர்புடைய வினாவாகும். இலக்கமுறை ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒலியின் தரத்தைப் பற்றியே பேசுவர். சுருக்கப்பட்ட பதிவொன்றை மீண்டும் விரிக்கும்போது அதன் நீளம் மாறுவது ஏன் என்ற வினா அத்துணை கவனம் பெறவில்லை. அவ்வினாவை வரலாற்று நிலைநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறுவட்டிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. பிலிப்ஸ், சொனி ஆகிய இரு நிறுவனங்களும் கூடி வகுத்த இறுவட்டு 1982 ஒக்டோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு செக்கன் ஒலியும் 44,100 மாதிரிகளாக அளக்கப்படுகிறது. இவ்வெண் தற்செயலாக அமைந்ததன்று. அக்காலத்தில் இலக்கமுறை ஒலியைத் தொலைக்காட்சிக்குரிய வீடியோ நாடாவிலேயே பதிந்தனர். ஒரு கோட்டுக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்துக்கு 245 கோடுகள், செக்கனுக்கு 60 புலங்கள் எனப் பெருக்கினால் 44,100 கிடைக்கும். இறுவட்டில் ஒரு செக்கன் 75 பகுதிகளாகப் பிரிக்கப்படுவதால், ஒரு பகுதிக்கு 588 மாதிரிகள் உரியன. பாடலின் எல்லை இப்பகுதிகளின் எல்லையிலேயே அமைய வேண்டும். எனினும், ஒரு பாடல் முடியும் இடத்திலேயே அடுத்த பாடல் தொடங்க முடிந்தமையால் இசையின் தொடர்ச்சிக்கு ஊறு நேரவில்லை.

ஆனால், இறுவட்டின் இருவழி ஒலி செக்கனுக்கு 14,11,200 பிட்டுகளை வேண்டி நின்றது. அன்றைய தொலைபேசிக் கம்பிகளும் கணினி வட்டுகளும் அச்சுமையைத் தாங்கக்கூடியனவாக இருக்கவில்லை. ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிறாண்டன்பேர்க் முதலானோர், மனிதச் செவி உணராத கூறுகளை நீக்கி ஒலியைச் சுருக்கும் வழியை ஆராய்ந்தனர். 1988இல் அமைந்த எம்பெக் குழு 1992இல் நிறைவுசெய்த நியமத்தின் மூன்றாம் படையாக அவ்வாய்வு இடம்பெற்றது. 1995 யூலையில் அக்கோப்புகளுக்கு எம்.பி.3 என்னும் பெயர்க்குறி தெரிவுசெய்யப்பட்டது.

நீளம் மாறுவதற்கான காரணம் இம்முறையின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. எம்.பி.3 மாதிரிகளைத் தனித்தனியாகக் கையாளுவதில்லை. 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகங்களாகவே கையாளுகிறது. அரைச் சட்டகம் என்பது அதில் இல்லை. அன்றியும், ஒலியை அதிர்வெண்களாகப் பகுக்கும்போது ஒவ்வொரு கூறும் அடுத்துள்ள கூறுடன் பாதியளவு மேற்படிந்தே கணிக்கப்படுகிறது. எனவே முதல் மாதிரியைச் சரியாக மீட்பதற்கு அதற்கு முன்னும் ஏதேனும் இருத்தல் வேண்டும். அவ்விடத்தை மௌனமே நிரப்புகிறது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சரியாக 3 நிமிடம் ஒலிக்கும் பாடலொன்றில் 79,38,000 மாதிரிகள் உள்ளன. பரவலாகப் பயன்படும் லேம் என்னும் குறியாக்கி தொடக்கத்தில் 576 மாதிரிகள் தாமதிக்கிறது. குறிவிலக்கி மேலும் 529 மாதிரிகள் தாமதிக்கிறது. இவற்றையும் கூட்டி முழுச் சட்டகங்களாக்கினால் குறைந்தது 6,892 சட்டகங்கள் வேண்டும். அவற்றை விரித்தால் 79,39,584 மாதிரிகள் வெளிவரும். அதாவது, மூலத்தில் இல்லாத 1,584 மாதிரிகள், ஏறத்தாழ 36 மில்லிசெக்கன், புதிதாகச் சேர்ந்துவிடுகின்றன.

இச்சிறு மௌனத்தால் கேடென்ன என வினவலாம். தனித்து நிற்கும் பாடலில் அது பொருட்டன்று. ஆனால், பீற்றில்ஸ் குழுவினரின் 1969ஆம் ஆண்டு 'அபி றோட்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்திலே பாடல்கள் பல ஒன்றினுள் ஒன்று இடையறாது பாய்கின்றன. வாக்னரின் 'றைன்கோல்ட்' இசை நாடகம் இடைவேளையின்றி இரண்டரை மணிநேரமளவில் நிகழ்வது. இத்தகைய ஆக்கங்களைத் தனித்தனிக் கோப்புகளாக்கிய போது, இணைப்பு நிகழும் இடந்தோறும் இசை விக்கி நின்றது. ஆக்கியோன் விடாத இடைவெளியை இயந்திரம் விட்டது.

இதற்கு மாறான வழியை ஃபிளாக் காட்டிற்று. யோஷ் கோல்சன் உருவாக்கிய இம்முறையின் முதலாம் பதிப்பு 2001 யூலையில் வெளிவந்தது. இது எதனையும் நீக்காது, அடுத்த மாதிரியை முன்னவற்றிலிருந்து ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்குமுள்ள வேறுபாட்டை மட்டும் எழுதிவைக்கிறது. இறுதித் தொகுதி குறுகியதாக இருக்கவும் இடமுண்டு. மேற்கூறிய பாடலை 4,096 மாதிரித் தொகுதிகளாகப் பிரித்தால், 1,937 முழுத் தொகுதிகளும் 4,048 மாதிரிகள் கொண்ட ஈற்றுத் தொகுதியும் அமையும். மொத்த மாதிரிகளின் எண்ணிக்கை கோப்பின் தலைப்பிலேயே பதியப்படும். விரித்தால் 79,38,000 மாதிரிகளே கிடைக்கும். ஒன்று கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

அவ்வாறாயின், இழப்புறு முறைகள் யாவும் நீளத்தை மாற்றியே தீரும் எனக் கொள்ளலாமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 2002இல் முதற்பதிப்புக் கண்ட வோர்பிஸ் இழப்புறு முறையே ஆயினும், பதிவு முடியும் மாதிரியின் இலக்கத்தைத் தன் இறுதிப் பக்கத்திற் குறித்துவைத்தமையால் உரிய நீளத்தையே மீட்டுத் தந்தது. லேம் குறியாக்கியும் பின்னர், முன்னே சேர்த்த மாதிரிகள் எத்தனை, பின்னே சேர்த்தவை எத்தனை என்பவற்றை 3 பைட்டுகளிற் குறித்துவைக்கலாயிற்று. அக்குறிப்பைப் படிக்க அறிந்த ஒலிப்பான்கள் மிகையை வெட்டி நீக்கின. எனவே குறை, ஒலியை நீக்கியதில் மட்டும் இல்லை. மூலத்தின் நீளத்தை எழுதிவைக்க நியமத்தில் ஓர் இடம் ஒதுக்காததிலேயே பெரிதும் இருந்தது எனலாம். எம்.பி.3 இடையிலிருந்தும் கேட்கத் தொடங்கக்கூடிய ஒலியோட்டமாக வகுக்கப்பட்டது. ஓடும் ஆற்றுக்கு நீளம் எழுதுவார் இலர்.

இவ்வரலாறு தரும் படிப்பினை ஆவணங்களைப் பேணுவோர்க்கு இன்றியமையாதது. எம்.பி.3 கோப்பொன்றை விரித்து ஃபிளாக் ஆக மாற்றும் ஒருவர் இழந்ததை மீட்பதில்லை. அவர் பயன்படுத்தும் குறிவிலக்கி லேம் குறிப்பைப் புறக்கணிப்பதாயின், சேர்ந்த மௌனமும் மூலத்தின் பகுதிபோல நிலைத்துவிடும். பின்வருவோர் அதனைக் கலைஞனின் மௌனமென்றே கருதுவர். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் பாதுகாப்புப் பிரதிகளுக்கு இழப்புறு முறைகளை ஏற்காமை இதனோடு வைத்து நோக்கத்தக்கது. மூலத்திலிருந்து எதனையும் நீக்காதிருத்தல் ஆவணப் பேணலின் ஓர் அறமாயின், அதில் இல்லாததைச் சேர்க்காதிருத்தல் மற்றோர் அறம். சேர்க்க நேரின், எவ்வளவு சேர்த்தோம் என எழுதிவைத்தல் மிகக் குறைந்த கடமையாகும்.