குதிரைமேல் காட்டுப்பன்றி வேட்டை

குதிரையில் விரட்டிச் சென்று, துப்பாக்கியின்றி ஈட்டியால் காட்டுப்பன்றியைக் குத்தும் வேட்டை. பிரிட்டிஷ் இந்தியாவில் படை அதிகாரிகளிடையே பரவியிருந்தது. கங்கையின் வெள்ளச் சமவெளியான காதிர் புல்வெளியில் மீரட் கூடாரக் கழகம் 1874 முதல் நடத்திய காதிர் கோப்பைப் போட்டி இதில் பெயர்பெற்றது. சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் 1883இல் இக்கோப்பையை வென்று, 1889இல் இவ்வேட்டை பற்றி நூலும் எழுதினார்.

முறை: ஆள்களும் யானைகளும் வரிசையாகப் புல்லைக் கலைக்க, வெளிப்பட்ட ஆண் பன்றியை வீரர்கள் துரத்தினர். முதலில் ஈட்டியில் குருதி காட்டியவருக்கே வெற்றி. பெண் பன்றியைக் குத்தியதில்லை. துரத்தப்படும் பன்றி சட்டெனப் பக்கவாட்டில் திரும்பிப் பாயும். அதன் கோரைப்பல் குதிரையின் காலையும் வயிற்றையும் கிழித்துவிடும்.

தென்கோடி: கேரளத்தின் காட்டாக்கடை, நெய்யாற்றின்கரைப் பகுதிக்குக் கிழக்கே எழும் அகத்தியமலைச் சரிவுகள் செங்குத்தானவை, அடர்ந்தவை; குதிரைப் பாய்ச்சலுக்கு ஏற்றவை அல்ல. மலைவாழ் காணிக்காரர் கால்நடையாகவே வேட்டையாடினர். அக்காட்டின் ஒரு பகுதி 1958இல் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

இன்றைய நிலை: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) வேட்டையைத் தடுக்கிறது. மரவள்ளி, வாழைத் தோட்டங்களைப் பன்றிகள் அழிப்பதால், பயிரழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. ஆயினும் இறைச்சியை எடுத்துச் செல்ல முடியாது. உடலைப் புதைக்க வேண்டும். உழவரின் இழப்பும் காட்டின் நலமும் ஒருசேர மதிக்கப்பட வேண்டியவை.