மோரிஸ் மைனரும் அதன் ஸ்டீரிங்கும்



பழைய மகிழுந்தைப் புதுப்பிப்போர் வண்ணத்தைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவர். ஓட்டுநரின் கையை விட்டு நீங்காத ஸ்டீரிங்கிற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. அதைப் பற்றி எழுத விழைகிறேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது, மலாயாச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர். எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியாரிடம் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது.

வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆதலால் உட்சக்கரம் சற்றுக் கூடுதலான கோணத்தில் திரும்பவேண்டும். இல்லையேல் டயர் தரையில் இழுபடும். இதற்குரிய அமைப்பைக் குதிரை வண்டிக்காகவே கண்டறிந்தவர் மூனிக் நகரத்து வண்டித் தச்சரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். இலண்டனில் அவருடைய முகவராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். இன்றளவும் அது 'ஆக்கர்மன் அமைப்பு' என்றே வழங்குகிறது. முதல் மோட்டார் வண்டிகளைப் படகு போல் ஒரு நெம்புகோலைப் பிடித்துத்தான் திருப்பினர். 1894இல் பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் தம் பனார் வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு வந்தார்.

மோரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் பின்னாளில் மினியையும் உருவாக்கிய அலெக் இசிகோனிஸ். உற்பத்திக்குச் சற்று முன்னர் மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தோன்றவே, அதை நெடுக்காக அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தச் செய்தவர் அவர். நிறுவனத்தின் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கோ இவ்வண்டியைக் கண்டாலே பிடிக்கவில்லை! ஆனாலும் பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து இதுவே. அக்காலத்து மலிவு வண்டிகள் பலவற்றில் ஸ்டீரிங்கிற்குப் பல்சக்கரப் பெட்டியும் பல இணைப்புத் தண்டுகளும் இருந்தன. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது தளர்வு சேரச் சேர, கையைத் திருப்பிய பின்னரும் வண்டி சற்று யோசித்துத்தான் திரும்பும். இசிகோனிஸ் 'ரேக் அண்டு பினியன்' முறையைத் தேர்ந்தார். ஸ்டீரிங் தண்டின் அடியில் ஒரு சிறு பல்சக்கரம். அது பற்களுடைய நீண்ட சட்டத்தை இடமும் வலமும் நகர்த்தும். அவ்வளவே. மூட்டுகள் குறைவு, ஆகவே தளர்வும் குறைவு.

இத்தகைய வண்டிக்கு இன்று 'பவர் ஸ்டீரிங்' தேவையா என்பதே கேள்வி. சக ஆசிரியர் ஒருவரின் மகன் பாட்டனாரின் மைனரைப் பெற்று, அதற்கு மின்மோட்டார் பொருத்த விரும்பினார். தம் மகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அதில்தான் அழைத்து வருகிறார்.

பவர் ஸ்டீரிங்கின் கதையும் சுவையானது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பை 1926இல் பியர்ஸ்-ஆரோ வண்டியில் செய்து காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டிப் பின்னர் செலவு கருதிக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு அது பயன்பட்டது. காப்புரிமைகள் காலாவதியான பின்னர், 1951இல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் மகிழுந்தில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை பெரிய, கனமான வண்டிகள். மைனரோ 800 கிலோவுக்கும் குறைவு. அதன் ஸ்டீரிங் கனக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும்: அழகுக்காக மாட்டிய அகல டயர், கிழிந்த ரப்பர் உறை வழியே எண்ணெய் ஒழுகி வறண்டுபோன ரேக், கிரீஸ் காணாத ட்ரனியன்.

இந்த ட்ரனியனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் தண்டின் மேலும் கீழும் உள்ள மரையிட்ட மூட்டு அது. கிரீஸ் தவறாது ஏற்றிவந்தால் பல்லாண்டு உழைக்கும். புறக்கணித்தால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். கீழ்மூட்டுக் கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி தரையில் சரியும். மைனர் உரிமையாளர் யாவரும் அஞ்சுவது இதைத்தான். மோட்டார் பொருத்துவதால் இக்குறை தீராது. கை இலேசாகிவிடுவதால், மூட்டு இறுகிவருவதைக் கை உணரும் வாய்ப்பும் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. அக்கால ஸ்டீரிங் தண்டு மடங்காத ஒரே இரும்பு. நேருக்கு நேர் மோதினால் அது ஓட்டுநரின் மார்பை நோக்கி வரக்கூடும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூல் இவ்வபாயத்தைப் பொதுமக்கள் முன் வைத்தது. 1968 தொடக்கம் அங்கு விற்கும் புதிய மகிழுந்துகளுக்கு, மோதலில் அமுங்கும் தண்டு சட்டத்தால் வேண்டப்பட்டது. ஆகவே மாற்றியே தீரவேண்டும் என்றால், இலேசாகத் திருப்புவதற்கு முன்னர் இதைத்தான் நான் மாற்றுவேன். 'அசல் கெட்டுவிடும்' என்று வாதிடும் அன்பர்கள் என்னை மன்னிக்க. கழற்றிய அசல் தண்டை எண்ணெய் பூசிப் பரணில் வைத்துக்கொள்ளலாமே!

மின்மோட்டார் பொருத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல முறைகளில் பழைய தண்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டியுள்ளது. அப்பற்றவைப்பு விட்டால் கையில் சக்கரம் மட்டுமே மிஞ்சும். இது தெருமுனைப் பட்டறைக்கு உரிய வேலையன்று. சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்காமல் தொடங்கவும் கூடாது.

அந்த இளைஞர் முதலில் ட்ரனியன்களையும் பந்து மூட்டுகளையும் ரேக்கின் ரப்பர் உறைகளையும் புதிதாக மாற்றினார். பழைய அளவு டயர்களுக்கும் திரும்பினார். வாங்கிய மின்மோட்டார் பெட்டியைப் பிரிக்காமல் அவர் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது.